ஸ்டார்ட் பட்டன் எங்கே போச்சு?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கொடுத்துவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏறாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். பிராசசரும் ஓரளவு புதிதாக இருக்க வேண்டும். அதனால் சின்னச் சின்ன ஆபீஸ்களில் பழைய பெட்டியை ஓரங்கட்டிவிட்டுப் புதுப் பெட்டி வந்து உட்கார்கிறது. கூடவே கேள்விகளும் வருகின்றன. காவேரிப்பாக்கம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், ஷூவுக்கு அப்பர் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் ஒன்றில் கணக்குப் பார்க்கும் அண்ணன் கேட்ட கேள்வி இது:

"தம்பி, இந்த ஸ்டார்ட் பட்டன் எங்க போச்சு? கை தானா மூலைக்குப் போகுது. அங்க வெயில் எத்தன டிகிரின்னு காட்டுது. காவேரிப்பாக்கத்துல வெயில் அடிக்குதுன்னு சொல்ல ஒரு கம்ப்யூட்டர் வேணுமா?"

சிரித்துவிட்டு விடக்கூடிய கேள்வி இல்லை இது. அவர் சொன்னதில் கவனிக்க வேண்டியது "கை தானா போகுது" என்ற பகுதி. டீ வரட்டும், அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

அவருடைய யூனிட்டில் மெஷினில் உட்காரும் பெண்களைப் பாருங்கள். கத்தரிக்கோல் ஒரு பக்கம், பசை டப்பா ஒரு பக்கம், சின்னச் சுத்தி ஒரு பக்கம் இருக்கும். தைக்கிற கண் தையலை விட்டு விலகாது. கை மட்டும் போய்க் கத்தரிக்கோலை எடுத்து, நூலை வெட்டிவிட்டு, வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு வரும். அந்தக் கத்தரிக்கோலை எடுத்துவிட்டு இதைவிடக் கூர்மையான, பளபளப்பான ஒன்றை அதே இடத்தில் வைத்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பழைய கத்தரிக்கோலையே ஒரு சாண் தள்ளி வைத்துப் பாருங்கள், அன்றைக்கு வேலை தடுமாறும்.

கம்ப்யூட்டரிலும் இதுதான் நடக்கிறது. பத்து வருஷம் பழகியவர் திரையில் எழுதியிருப்பதை வாசிப்பதில்லை. பொத்தானின் படத்தைக்கூடச் சரியாகப் பார்ப்பதில்லை. இடது கீழ் மூலைக்குப் போவார், அழுத்துவார், மூன்றாவது வரிக்கு ஏறுவார். நிறம் மாறினால் ஒரு நாளில் பழகிவிடும். இடம் மாறினால் மாதக் கணக்கில் கை பழைய இடத்துக்கே போகும். ஆகவே ஒரு கம்ப்யூட்டரை எளிமையாக்க வேண்டும் என்று உட்கார்ந்தால் வால்பேப்பரில் ஆரம்பிக்கக் கூடாது. கை எங்கே போகிறதோ அந்த இடத்தில் பொருளைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு, கை போகாத இடத்தில் இருப்பதை எடுத்துவிட வேண்டும். மற்றதெல்லாம் அலங்காரம்.

பெரிய கம்பெனிகளும் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டன. ஸ்டார்ட் பட்டன் 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95-உடன் வந்தது. அதற்குப் பிறகு 98, எக்ஸ்பி, 7 என்று எத்தனையோ மாறின. நிறம் மாறியது, வடிவம் மாறியது, ஆனால் பட்டன் இடது கீழ் மூலையை விட்டு நகரவில்லை. 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது அதைத் தூக்கிவிட்டார்கள். டேப்லெட் காலம் வந்துவிட்டது, எல்லோரும் திரையை விரலால் தொடப்போகிறார்கள் என்பது அவர்கள் கணக்கு. விரலால் தொடுகிறவர்களுக்குப் பெரிய பெரிய கட்டங்கள் சௌகரியம்தான். ஆனால் மவுஸ் பிடித்து வேலை செய்கிற கோடிக்கணக்கான பேர், கம்ப்யூட்டரை ஆஃப் செய்வது எப்படி என்று கேட்கிற நிலைக்கு வந்தார்கள். ஒரே வருஷத்தில், 2013 அக்டோபரில், விண்டோஸ் 8.1-இல் பட்டன் திரும்பி வந்தது. 2015 ஜூலையில் விண்டோஸ் 10-இல் மெனுவும் வந்தது. 2021-இல் வந்த விண்டோஸ் 11 அதை நடுவுக்கு நகர்த்தியது. ஆனால் இந்த முறை பழைய மூலைக்கே கொண்டுபோக ஒரு வழியையும் செட்டிங்ஸில் விட்டுவைத்தார்கள்.

இலவச மென்பொருள் உலகத்திலும் இதே கதை ஓடியது. லினக்ஸில் பலரும் வைத்திருந்த க்னோம் என்ற முகப்பு, 2011 ஏப்ரலில் மூன்றாம் பதிப்பில் அடியோடு மாறியது. பிடிக்காதவர்கள் புலம்புவதோடு நிற்கவில்லை. அங்கே மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறதே! அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒருவர் பழைய க்னோமின் நிரலை எடுத்து, மாட்டே என்ற பெயரில் அதையே தொடர ஆரம்பித்தார். லினக்ஸ் மின்ட் குழு, உள்ளே புதிதாகவும் வெளியே பழைய மாதிரியாகவும் சின்னமன் என்று ஒன்றைச் செய்தது. இரண்டும் இன்றைக்கும் ஓடுகின்றன.

சரி, அண்ணனின் பெட்டிக்கு வருவோம்.

திரைக்குக் கீழே கிடக்கும் பட்டை இருக்கிறதே, அந்த டாஸ்க்பாரின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்தால் 'டாஸ்க்பார் செட்டிங்ஸ்' என்று வரும். உள்ளே போய் அடிவரைக்கும் வந்தால் 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' என்ற பகுதி இருக்கும். அதைத் திறந்தால் முதலிலேயே 'அலைன்மென்ட்'. 'சென்டர்' என்றிருப்பதை 'லெஃப்ட்' ஆக்கினால் ஸ்டார்ட் பட்டன் பழைய மூலைக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். அதே பக்கத்தின் மேலே 'விட்ஜெட்ஸ்', 'டாஸ்க் வியூ', 'சர்ச்' என்று இருப்பவற்றில் வேண்டாததை அணைத்துவிடலாம். வெயில் போய்விடும்.

அங்கேயே இன்னொரு விஷயம் உண்டு; கணக்கு வேலைக்கு இது முக்கியம். மூன்று எக்செல் ஃபைல்களைத் திறந்தால் விண்டோஸ் 11 மூன்றையும் ஒரே பொத்தானுக்குள் அடுக்கிவிடும். எது கூலிப் பட்டியல், எது தோல் வரவு என்று தெரிய ஒவ்வொரு முறையும் மவுஸை அதன்மேல் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். முன்பெல்லாம் ஒவ்வொன்றும் பெயரோடு தனித்தனியாக வரிசையில் நிற்கும். விண்டோஸ் 11 வெளிவந்தபோது இந்த வசதி கிடையாது. பலர் கேட்டு, 2023 கடைசியில் திரும்பக் கொடுத்தார்கள். 'கம்பைன் டாஸ்க்பார் பட்டன்ஸ் அண்ட் ஹைட் லேபிள்ஸ்' என்ற இடத்தில் 'நெவர்' என்று வையுங்கள்.

ரைட் கிளிக் செய்தால் வரும் மெனுவும் சுருங்கிவிட்டது என்பது அவருடைய அடுத்த குறை. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் பழைய நீள மெனு வரும். எக்செல்லுக்குள்ளே, அடிக்கடி தொடும் ஐந்தாறு வேலைகளைத் திரையின் மேல் ஓரத்தில் சேர்த்துக்கொள்ளலாம்: வேண்டிய பொத்தானின்மேல் ரைட் கிளிக் செய்து 'ஆட் டு குயிக் ஆக்செஸ் டூல்பார்'. சேர்த்த வரிசைப்படி ஆல்ட்டும் 1-ம், ஆல்ட்டும் 2-ம் அழுத்தினாலே அவை வேலை செய்யும். 2007 ஆபீஸில் பழைய மெனுக்கள் போய் ரிப்பன் வந்ததிலிருந்து தேடிக்கொண்டே இருப்பவர்களுக்கு இது ஒன்றே போதும்.

கண்ணுக்கு எழுத்து சின்னதாகத் தெரிந்தால் திரையின் ரெசல்யூஷனைக் குறைக்காதீர்கள். எழுத்து மங்கிவிடும். 'டிஸ்ப்ளே' பகுதியில் 'ஸ்கேல்' என்பதை 125 அல்லது 150 சதவீதம் ஆக்குங்கள். எழுத்து மட்டும் பெரிதாக வேண்டுமென்றால் 'ஆக்சஸிபிலிட்டி'யில் 'டெக்ஸ்ட் சைஸ்' இருக்கிறது. மவுஸ் அம்பையும் அங்கேயே பெரிதாக்கலாம்.

பழைய ஸ்டார்ட் மெனுவையே அச்சாகக் கொண்டுவரும் வெளி மென்பொருள்களும் உண்டு. கிளாசிக் ஷெல் அதில் பெயர் பெற்றது. அதை எழுதியவர் 2017-இல் நிறுத்திக்கொண்டு நிரலைப் பொதுவில் விட்டார். இப்போது ஓப்பன் ஷெல் என்ற பெயரில் மற்றவர்கள் தொடர்கிறார்கள். நல்ல மென்பொருள்தான். ஆனால் விண்டோஸ் அப்டேட் வரும்போது இப்படிப்பட்டவை சில நேரம் மக்கர் பண்ணும். கண்ட இடத்தில் இறக்கினால் கூடவே வைரஸும் இறங்கும். விண்டோஸின் சொந்த செட்டிங்ஸில் ஆகக்கூடியதை எல்லாம் முதலில் செய்துவிட்டு, அதற்கும் மேல் வேண்டுமென்றால் மட்டும் இதைத் தொடலாம்.

இதுவரை சொன்னது மவுஸ் பிடிக்கும் கை. தமிழ் அடிக்கும் கையின் கதை இன்னும் சுவாரசியமானது. ஆளுக்கேற்ப இயந்திரத்தை வளைப்பதில் தமிழர்களுக்கு நல்ல அனுபவம் உண்டு.

நம் பக்கத்து ஊர்களில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் முடித்தவர்கள் எத்தனை பேர்! டிஎன்பிஎஸ்சி குரூப் 4-இல் தட்டச்சர் வேலைக்கு அந்தச் சான்றிதழ்தான் கைக்காசு. அவர்கள் விரலில் இருப்பது தட்டச்சுப் பொறியின் விசை அமைப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா போன ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய காலத்திலிருந்து வரும் மரபு அது. அதில் 'கொ' அடிக்க வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால். தாளில் எப்படித் தெரிகிறதோ அந்த வரிசை. ஆனால் இன்றைக்குக் கம்ப்யூட்டரும் போனும் பின்பற்றும் யூனிகோடில் முதலில் 'க', அதன் பின்னால்தான் உயிர்க்குறி. கொம்பைப் பொறுத்தவரை தாள் வரிசையும் யூனிகோடு வரிசையும் நேர் எதிர்.

இங்கே இரண்டு வழிகள் இருந்தன. எல்லோரும் விரலை மறுபடி பழக்குங்கள் என்று சொல்லியிருக்கலாம். அல்லது விரலை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே மென்பொருள் மாற்றி அடுக்கிக்கொள்ளட்டும் என்றிருக்கலாம். இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்களைச் செய்தவர்கள் இரண்டாவது வழியை எடுத்தார்கள். தட்டச்சு முறை, தமிழ்99, பாமினி, ஆங்கில ஒலிப்பு முறை என்று பட்டியல் இருக்கும். உங்கள் விரலுக்கு எது பழக்கமோ அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். கொம்பை முதலில் அடித்தாலும் மென்பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, 'க' வந்ததும் சரியான இடத்தில் பொருத்திவிடும். அடிக்கிறவருக்கு ஒன்றும் மாறியதாகவே தெரியாது. பத்திரம் டைப் செய்கிறவர்கள் பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு வரும்போது இந்த மாதிரி மென்பொருள் கையில் இருந்தால் கைவேகம் குறையாது.

புதிதாகக் கற்கிறவருக்குக் கதை வேறு. அவருக்குக் காப்பாற்ற வேண்டிய பழக்கம் எதுவும் இல்லை. அவருக்கு நான் தமிழ்99-ஐத்தான் சொல்வேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி வடிவெடுத்து, தமிழ்நாடு அரசு தரமாக ஏற்ற அமைப்பு இது. உயிர் 12, மெய் வரிசைக்கு 18, ஆய்தம் 1 என மொத்தம் 31 விசை. உயிரெல்லாம் இடது கைப்பக்கம், மெய்யில் பெரும்பாலானவை வலது கைப்பக்கம். ஷிஃப்ட் அநேகமாகத் தேவையே இல்லை. 'அம்மா' என்று அடிக்க வேண்டுமா? அ, ம, ம, ஆ. நாலே தட்டு. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தேவை என்று மென்பொருளுக்கே தெரியும். 'பந்து' என்றால் ப, ந, த, உ. 'ந'வுக்குப் பின்னால் 'த' வந்தால் தமிழில் அது 'ந்த'வாகத்தான் இருக்கும் என்பதால் புள்ளியை அதுவே வைத்துவிடும். தமிழ் எழுத்துகள் எப்படிச் சேருகின்றன என்பதை இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்து, மனிதன் அடிக்க வேண்டியதைக் குறைத்திருக்கிறார்கள். விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளிலும் 11-இலும் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, விசைப்பலகையாக அதைத் தேர்ந்தெடுத்தால் தனியாக எதையும் இறக்க வேண்டாம்.

"அப்ப திரை முழுக்கத் தமிழாவே வெச்சுக்கலாமா?" என்றார் அண்ணன். வைத்துக்கொள்ளலாம், விண்டோஸில் அந்த வசதி உண்டு. ஆனால் பத்து வருஷம் ஆங்கில மெனுவில் வேலை செய்தவருக்கு அது எளிமையாக இருக்காது. சந்தேகம் வந்து ஆடிட்டர் ஆபீஸுக்கு போன் போட்டால், அந்தப் பக்கம் பேசுகிறவர் ஆங்கில மெனுவின் பெயரைத்தான் சொல்வார். நீங்கள் தமிழ் மெனுவில் தேடிக்கொண்டிருப்பீர்கள். முதன்முதலாகக் கம்ப்யூட்டர் தொடுகிற, தமிழ் மட்டும் வாசிக்கிற ஒருவருக்கோ தமிழ்த் திரை பெரிய உதவி.

கணக்கு மென்பொருளிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 2020 நவம்பரில் டேலி ஈஆர்பி 9-க்கு அடுத்ததாக டேலி பிரைம் வந்தபோது திரை பார்க்கவே வேறாக இருந்தது. ஆனால் எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ் என்ற விசைகளில் கை வைக்கவில்லை. முடித்துவிட்டுக் கண்ட்ரோலும் ஏ-யும் அழுத்திச் சேமிப்பதும் அப்படியே. புதிதாக வந்த ஆல்ட் ஜி, எங்கே இருந்தாலும் வேண்டிய ரிப்போர்ட்டின் பெயரைத் தட்டிப் போய்ச் சேர ஒரு வழி. "ஆமாம்பா, ரெண்டு நாள் முழிச்சேன், அப்புறம் கை ஓடிருச்சு" என்று அண்ணனே சொன்னார். விண்டோஸ் 8-க்கும் டேலி பிரைமுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

எதிர் உதாரணமும் நம்மிடமே உண்டு. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் வழியாகப் பிள்ளைகளுக்கு வந்த பல மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸ் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய, தமிழிலும் பயன்படுத்தக்கூடிய, செலவில்லாத இயங்குதளம் அது. இருந்தும் பல வீடுகளில் பிள்ளைகள் அதைத் திறக்காமல் விண்டோஸையே பிடித்துக்கொண்டார்கள். மென்பொருள் மோசம் என்பதால் அல்ல. பிரவுசிங் சென்டரில் விண்டோஸ், கல்லூரி லேபில் விண்டோஸ், உதவி கேட்கப்போகும் அண்ணனுக்கும் விண்டோஸ். பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான் நமக்கும் எளிமையாகத் தெரிகிறது. கம்ப்யூட்டரை நமக்கேற்ப மாற்றும்போது இதையும் மனதில் வைக்க வேண்டும்: நம்மைத் தவிர யாராலும் கையாள முடியாத அளவுக்கு மாற்றிவிட்டால், அவசரத்துக்கு உதவ வருகிறவர் திகைத்து நிற்பார்.

இதை வைத்துப் பார்த்தால் ஓரங்கட்டிய அந்தப் பழைய பெட்டியையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ட் போட்டால் இடது கீழ் மூலையில் மெனு, அடியில் பட்டை, வலது மூலையில் கடிகாரம் என்று விண்டோஸ் 7 பழகியவருக்கு வழி தெரிந்த ஊராகவே இருக்கும். அதில் வரும் லிப்ரே ஆபீஸில் மெனுக்களைப் பழைய மாதிரியும் வைக்கலாம், ரிப்பன் மாதிரியும் வைக்கலாம். டேலி அதில் நேராக ஓடாது என்பதால் ஆபீஸ் கணக்குக்கு ஆகாது. பிள்ளைகள் படிக்க, கடிதம் அடிக்க, யூடியூப் பார்க்க நன்றாகவே ஆகும்.

வீட்டில் அம்மாவின் போனுக்கும் இதே விதிதான். முதல் திரையில் போன், வாட்ஸ்அப், யூடியூப், கேமரா நான்கு மட்டும். மற்றதை எடுத்துவிடுங்கள். சாம்சங் போனில் 'ஈஸி மோட்' என்று ஒன்று உண்டு, எழுத்தும் படங்களும் பெரிதாகும். அதைவிட முக்கியமாக, 'லாக் ஹோம் ஸ்க்ரீன் லேஅவுட்' என்பதைப் போட்டுவிடுங்கள். விரல் பட்டுப் படம் இடம் மாறிவிடுவதுதான் "வாட்ஸ்அப் காணாமப் போச்சுடா" என்று வரும் பாதிப் போன் அழைப்புகளுக்குக் காரணம். ஐபோன் என்றால் 2023-இல் ஐஓஎஸ் 17-உடன் வந்த 'அசிஸ்டிவ் ஆக்செஸ்' இதே வேலையைச் செய்யும்.

இதெல்லாம் செய்யும்போது பக்கத்தில் அவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். விவரம் தெரிந்த பிள்ளைகள் செய்கிற தப்பு, தங்களுக்கு எது அழகோ அதைப் பெற்றோரின் போனில் செய்து வைத்துவிட்டுச் சென்னைக்குப் பஸ் ஏறிவிடுவது. "இத எடுக்கப் போனா உங்க கை எங்க போகுது?" என்று கேட்டு, அவர் காட்டும் இடத்தில் வையுங்கள். ஷிஃப்டுக்கு ஒருவர் மாறி உட்காரும் ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றால் ஆளுக்கொரு யூசர் அக்கவுண்ட் போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் அடுக்கியதை இன்னொருவர் கலைக்கமாட்டார்.

கடைசியாக, மாற்றியதை எல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதி மானிட்டருக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள். எந்த செட்டிங்ஸ், முன்பு என்னவாக இருந்தது, இப்போது என்ன. பெரிய அப்டேட் ஒன்று வந்து எல்லாவற்றையும் கலைத்தாலோ, பெட்டியே மாறினாலோ, அந்தத் தாள் இருந்தால் பத்து நிமிஷத்தில் பழைய நிலைக்கு வந்துவிடலாம். அண்ணன் டீக்கடை பில்லின் பின்பக்கத்திலேயே எழுத ஆரம்பித்துவிட்டார். முதல் வரி: 'டாஸ்க்பார் - லெஃப்ட்'. இரண்டாவது வரி: 'வெயில் - வேண்டாம்'.